பழையனூர்ப் பெரியோர் கொடுத்த வாக்கு

(ஆடிப்பூர வளைகாப்பு விழா மாலையில் நம் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடிப்பூரத்தன்று அம்பாளின் பெருமையைப் பேசுவதே வழக்கம். இந்த முறை தலைவர் என்னை அழைத்து, "சார், பெண்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். நான் பேசப் போவது பெண்களுக்குப் பயன்படும் என்றே நம்புகிறேன். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் பின்னால் தூணில் சாய்ந்து நிற்கின்ற ஆண்கள். அன்னதானத்திற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆகவே அவர்கள் தயவுசெய்து முன்னால் வந்து பாயில் அமர வேண்டுகிறேன். முப்பது ஆண்டுக்கும் மேலாக வகுப்பு நடத்தியவன் நான். பின்வரிசையைப் பார்த்துப் பேசுவது எனக்குப் பழகிய தொழில்தான்.

இன்று காலை முதல் அம்பாளுக்குச் சாத்திய வளையல்களை நம் மாதர் பிரிவினர் தாய்மார்களின் கைகளில் அணிவித்து வந்தார்கள். அந்தத் தொண்டைப் பல ஆண்டுகளாகச் செய்து வரும் ஒரு மூத்த அம்மையார் சென்ற ஆண்டு என் மனைவியிடம் ஒன்று சொன்னார். வளையல் போட வேண்டுமானால் கையைப் பிடித்தாக வேண்டும், பிடித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்றார். மணிக்கட்டில் விரல்கள் அழுந்திய நீலம். முழங்கைப் பக்கம் மஞ்சளாக மாறிப்போன பழைய அடி. ஒரு கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டு மறு கையை மட்டும் நீட்டுகின்ற பெண். "எத்தனை பேர் அக்கா அப்படி?" என்று என் மனைவி கேட்டிருக்கிறார். "எண்ணினால் அடுத்த கைக்கு வளையல் போட மனம் வராது தங்கச்சி, நான் எண்ணுவதில்லை" என்றாராம்.

அன்று முதல் ஒரு பழைய கதை என் மனத்தில் ஓடிக் கொண்டே இருக்கிறது. நீங்கள் எல்லோரும் கேட்ட கதைதான். பழையனூர் நீலி கதை.

தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காடு இருக்கிறது. நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்று பெருமான் திருவடியில் அமர்ந்த தலமும் அதுவே. அதை அடுத்த ஊர் பழையனூர். ஞானசம்பந்தப் பெருமான் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையைக் குறிப்பிடுகிறார் என்றால் அது எவ்வளவு பழமையானது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. சுருக்கம் இதுதான். ஒருவன் தன்னை நம்பி உடன் வந்த மனைவியைக் காட்டு வழியில் கொன்றுவிடுகிறான். மூத்தாளுக்காகக் கொன்றான் என்பார் சிலர், நகைக்காகக் கொன்றான் என்பார் சிலர். கொலையுண்டவள் நீலி என்னும் பேயாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறந்து அந்த வழியே வருகிறான். நீலி அவனுடைய மனைவியைப் போல வேடம் கொண்டு, கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக் கொண்டு பின்தொடர்கிறாள். வணிகன் நடுநடுங்கிப் பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த சபையில் தஞ்சம் புகுகிறான். இவள் பெண்ணல்ல, என்னைக் கொல்ல வந்தவள் என்று கதறுகிறான். நீலியோ கணவன் கைவிட்டதாகக் கண்ணீர் வடிக்கிறாள். குழந்தையை இறக்கி விட்டால் அது அப்பா என்று அவனிடமே ஓடுகிறது. சபையார் வழக்கு முடிந்தது என்று தீர்மானித்து, "குடும்பச் சண்டையைப் பெரிதாக்காதே, இன்றிரவு மனைவியுடன் இந்த வீட்டில் தங்கு. உன் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்து, அவன் கையிலிருந்த ஆயுதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்குகிறார்கள். அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று இன்றும் அங்கே ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து நம் தமிழுக்கு ஒரு சொல் கிடைத்தது. நீலிக் கண்ணீர். எந்தப் பெண் பொது இடத்தில் அழுதாலும் நம் வாயில் தயாராக இருக்கிறது அந்தச் சொல். நீலி அழுததை நினைவில் வைத்துக் கொண்ட நாம், அவள் முன்பு கணவன் கையால் கொலையுண்டவள் என்பதை மறந்துவிட்டோம். தமிழாசிரியனாகப் பல தடவை இந்தத் தொடருக்குப் பொருள் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாடநூலிலும் 'பொய் அழுகை' என்பதோடு பொருள் முடிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது அந்தச் சபையைப் பற்றி. அஞ்சி வந்து நின்ற ஒருவனை, எவரைக் கண்டு அஞ்சினானோ அவரோடு ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்தியது அந்தச் சபை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைப்பதாகவே நினைத்தார்கள். அன்பர்களே, ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த காரியம் கண் முன்னே வரும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. "நாங்கள் இருக்கிறோம் அம்மா, ஒன்றும் ஆகாது, வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிய எந்தப் பஞ்சாயத்தாரும் மறுநாள் தீயில் இறங்கியதில்லை.

நம் கிரியான் வட்டாரத்துக்கு நம்மவர்கள் வந்தது இன்று நேற்றல்ல. ரப்பருக்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1910-இல் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து புக்கிட் மேரா தண்ணீர் வயலுக்கு வரத் தொடங்கிய பின் கரும்பு போய் நெல் வந்தது, மேட்டுப் பக்கம் ரப்பர் வந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. ஒரு பெண்ணுக்குத் துன்பம் நேர்ந்தால் போய் நிற்க அவளுக்கு இருந்த இடங்கள் இரண்டே. ஒன்று கங்காணி வீட்டு வாசல், மற்றது மாரியம்மன் கோயில் வாசல். தாய் வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். லயத்து வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தீக்குச்சி கிழித்தால் இந்தப் பக்கம் கேட்கும். அடி விழுந்தால் கேட்காமல் போகுமா? வரிசை முழுவதும் கேட்கும். ஆனால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்கு நிற்கும்போது ஒருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். அந்த அம்மாவும் முகத்தை முக்காடு போட்டு மறைத்துக் கொண்டு வாளியைத் தூக்கிக் கொண்டு பால் மரத்துக்குப் போய்விடுவார். 'புருஷன் பெண்டாட்டி சண்டை, நாம் தலையிடக் கூடாது' என்பது எழுதாத சட்டமாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, நாம் தாமான்களுக்குக் குடி வந்துவிட்டோம். பலகை போய்ச் செங்கல் சுவர் வந்தது. அதற்குள்ளும் கேட்கத்தான் செய்கிறது. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக் கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஆசிரியர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வேறு வழியிலும் தெரியும். சம்பளம் போட்ட வார இறுதிக்குப் பின் வருகிற திங்கட்கிழமை வகுப்பில் மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் கேட்டால், "அம்மாவோட விடிய விடிய வெளியில உட்கார்ந்திருந்தோம் சார்" என்று பதில் வரும். வெளியில் என்றால் எங்கே? சில பிள்ளைகள் சொன்ன இடம் கோயில் திண்ணை. இதை நான் சொல்வது எவரையும் குறை கூறுவதற்காக அல்ல. இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு தாய் பிள்ளைகளை இழுத்துக் கொண்டு ஓடி வருகின்ற இடம் போலீஸ் நிலையமாக இல்லை, ஆலயமாக இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

இங்கே சிலர், எல்லாவற்றுக்கும் குடியே காரணம், குடியை ஒழித்தால் போதும் என்பார்கள். குடிக்கு எதிராக நம்மவர்கள் போராடிய வரலாறு பெருமைக்குரியது, அதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. யுத்தம் முடிந்து பட்டினி தீராத காலம் அது. நிர்வாகத்தின் அனுமதியோடு நடந்த கள்ளுக் கடைகளில் கூலிக் காசு கரைவதைக் கண்டு, பக்கத்துத் தோட்டத்துப் பாட்டாளிகளும் சேர்ந்து 1947-இல் கடை வாசலில் மறியல் செய்தார்கள். பெண்களும் அதில் நின்றார்கள். போலீசாரோடு மோதல் ஏற்பட்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. இந்தியாவிலும் அப்படி ஒன்று நடந்தது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் கூடிப் பேசி 1992-இல் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி, 1993-இல் சாராயத்துக்குத் தடை, 1995-இல் முழு மதுவிலக்கு என்று ஆனது. 1997-இல் அந்த மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது வேறு கதை. இரவுப் பள்ளியில் அரிச்சுவடி படிக்க வந்தவர்கள் ஓர் அரசாங்கத்தையே அசைத்தார்கள் என்பது ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆயினும் குடியின் மேல் முழுப் பழியையும் போட என் மனம் ஒப்பவில்லை. போதையில் இருப்பவன் தண்டலை அடிப்பதில்லை, போலீஸ்காரரை அடிப்பதில்லை, தன்னைவிடப் பலசாலியான அண்டை வீட்டுக்காரனை அடிப்பதில்லை. எவ்வளவு தள்ளாடினாலும் சரியாகத் தன் வீட்டைக் கண்டுபிடித்துப் போய்த் தன் மனைவியை அடிக்கிறான். அடித்தால் கேட்க ஆளில்லை என்பது அவனுக்குப் போதையிலும் மறப்பதில்லை. ஒரு சொட்டும் குடிக்காத, நெற்றி நிறைய நீறு பூசுகிற மனிதர்களும் கை நீட்டுகிறார்கள். ஆகவே, கேட்க ஆள் இருக்கிறார்கள் என்ற நிலையை உண்டாக்குவதுதான் நம் வேலை.

நம் நாட்டில் 1982 முதல் பெண்கள் உதவி இயக்கம் அடைக்கல இல்லம் நடத்தி வருகிறது. 1985-இல் பல பெண்கள் அமைப்புகள் ஒன்றுகூடி, வீட்டுக்குள் நடக்கும் அடிதடிக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்தன. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1996 ஜூன் முதல் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முஸ்லிம், முஸ்லிம் அல்லாதார் எல்லோருக்கும் பொதுவான சட்டம் அது. கணவன் மனைவி மட்டுமல்ல, மணவிலக்குப் பெற்றவர்கள், பிள்ளைகள், வீட்டில் உள்ள வயதான பெற்றோர், உறவினர் ஆகியோரும் அதில் அடங்குவர். மகன் கையால் அடி வாங்குகின்ற தாய்க்கும் அது உண்டு. அந்தத் தாய்மார்களும் இந்த மண்டபத்துக்கு வந்து போகிறார்கள். 2012-இல் திருத்தம் செய்து மனத்தை வதைப்பதையும் வன்முறையாகச் சேர்த்தார்கள். 2017-இல் மீண்டும் திருத்தினார்கள். அதன்படி ஆபத்தில் உள்ளவருக்குச் சமூகநல இலாகா அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். அது ஏழு நாட்களுக்குச் செல்லும். போலீஸ் விசாரணை நடக்கும்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையும் பெறலாம். ஆணையை மீறுகிறவர்களுக்குத் தண்டனை உண்டு.

இந்தச் சட்டத்தில் நம் போன்ற மூன்றாம் மனிதருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவு 18. குடும்ப வன்முறை நடக்கிறது அல்லது நடந்தது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக அவர் மீது மானநஷ்ட வழக்கோ வேறு நடவடிக்கையோ எடுக்க முடியாது. 'எவரும்' என்றுதான் சட்டம் சொல்கிறது. அடுத்த வீட்டுக்காரர், ஆசிரியர், அர்ச்சகர், கடைக்காரர், கோயில் கணக்குப்பிள்ளை எல்லோரும் அதில் அடக்கம். அந்தக் காலத்து லயத்து வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது என்று சொன்னேன் அல்லவா? இன்று அதற்கு நேர் எதிராக எழுதிய சட்டம் இருக்கிறது.

நமது ஊரின் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாரிட் புந்தாரில் ஆற்றைத் தாண்டினால் கெடா, சற்றுத் தூரம் போனால் நிபோங் தெபால், அது பினாங்கு. மூன்று மாநிலம் கூடும் இடம் இது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தமக்கை வீட்டுக்கு ஓடிப் போன பெண், "சம்பவம் பேராக்கில் நடந்தது, இங்கே எப்படிப் புகார் செய்வது?" என்று தயங்கக் கூடாது. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம். காயம் இருந்தால் முதலில் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே இத்தகையவர்களைக் கூட்டத்தில் உட்கார வைக்காமல் தனி அறையில் சிகிச்சை, மருத்துவ அறிக்கை, புகார் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்யும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் என்ற முறை 1990-களிலேயே வந்துவிட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் தாலியான் காசே எண் 15999. ஐந்து எண்கள்தான், பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து வையுங்கள். ஈப்போவில் பேராக் பெண்களுக்கான பெண்கள் சங்கம் இருக்கிறது. பினாங்கில் 1985-இல் தொடங்கிய பெண்கள் மையம் இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஈப்போவைவிடப் பினாங்கு அருகில் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, இவ்வளவும் இருக்கும்போது ஆலயம் எதற்கு என்று கேட்கலாம். ஏடறியாத ஒரு பாட்டி மலாய் மொழியில் புகார் எழுதுவது எப்படி? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொல்ல வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டிய பின்பே கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். இதற்கு ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் சும்மா இருக்கிறோம். காலைப் பசியாறல் கடையில் அரசியல் பேசும் நேரத்தில் பாதி போதும்.

இப்போது ஆண்களுக்கும், குறிப்பாக உபயதாரப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். சற்றுக் கசப்பாக இருக்கும், பொறுத்துக் கொள்ளுங்கள். ஆலயத்தின் கையில் போலீஸ் அதிகாரம் இல்லை, நீதிமன்ற அதிகாரமும் இல்லை. ஆனால் வேறு எவரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. அதுதான் மரியாதை. பரிவட்டம், மாலை, முதல் தீபாராதனை, மேடையில் நாற்காலி, இந்த மலரில் படம். இவற்றுக்காக நம் சமுதாயத்தில் மனிதர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது செயற்குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். வீட்டில் மனைவியின் கையை முறித்தவர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவருக்குப் பரிவட்டம் கட்டும்போது, மண்டபத்தின் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த மனைவி என்ன புரிந்து கொள்வார்? தன் பக்கம் யாரும் இல்லை என்று புரிந்து கொள்வார். "பெரிய உபயதாரர் ஆயிற்றே, எப்படிச் சொல்வது?" என்பது நான் பல ஆலயங்களில் கேட்ட பேச்சு. அம்பாளுக்கு உபயம் யார் வேண்டுமானாலும் செய்யட்டும், தடுக்க நாம் யார்? ஆனால் பரிவட்டம் கட்டுவது நிர்வாகத்தின் கை. அந்தக் கையை நாம் நிறுத்திக் கொள்ளலாம். ஓர் உபயம் குறைந்தால் கொடிமரம் சாய்ந்துவிடாது.

குடும்பத்தைப் பிரிப்பதா ஆலயத்தின் வேலை என்று என்னிடம் ஒரு பெரியவர் கோபமாகக் கேட்டார். இல்லை. சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பதை அந்தப் பெண் தீர்மானிப்பார். நாளைக்கே தீர்மானிக்க வேண்டியதும் இல்லை. பல பெண்கள் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, பிறகே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். 'போன தடவை உதவினோம், திரும்பவும் அவனிடமே போனாய்' என்று கதவை அடைக்கக் கூடாது. இன்னொன்று, பெண்கள் பொய்ப் புகாரும் செய்வார்கள் என்ற பேச்சு. இங்கேதான் நீலிக் கண்ணீர் மறுபடி வருகிறது. யார் சொல்வது மெய் என்று தீர்ப்பளிக்க நம்மை யாரும் கேட்கவில்லை. அதற்குப் போலீசும் நீதிமன்றமும் இருக்கின்றன. பழையனூரில் எழுபது பேர் கூடித் தீர்ப்பளித்ததன் விளைவைத்தான் பார்த்தோமே. பயந்து வந்தவரை அன்றிரவு பத்திரமாக வைப்பது மட்டுமே நம் பொறுப்பு.

பத்திரமாக வைப்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனத்தோடு செய்து கெடுத்துவிடுவார்கள். பெண் வீட்டை விட்டு வெளியேற முடிவு செய்கின்ற நேரமே மிக ஆபத்தான நேரம் என்று இத்துறையில் உழைப்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்கிறார்கள். ஆகவே கணவரைக் கூப்பிட்டு எதிரும் புதிருமாக உட்கார வைக்காதீர்கள். நான்கு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் போய் அவரை மிரட்டும் வீரமும் வேண்டாம். அன்று போய்விட்டு வருவது இளைஞர்கள், இரவு அங்கே இருக்கப் போவது அந்தப் பெண். அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை மாமியாருக்கும் சொல்லக் கூடாது, அத்தைக்கும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. போட்டுவிட்டு 'ரகசியம்' என்று கீழே எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். அடையாளக் கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்து ஆகியவற்றை எடுத்து வர முடிந்தால் எடுத்து வரட்டும். முடியாவிட்டால் உயிர் முக்கியம், பத்திரங்களைப் பிறகு எடுத்துக் கொள்ளலாம். அவர் வந்த பிறகு பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் 2023 முதல் குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமாகிவிட்டது.

நம் மண்டபத்தில் திருமணங்கள் நடக்கின்றன. 1982 மார்ச்சு முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவின்போது சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். நானும் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். அக்கினி சாட்சியாகத் தாலி கட்டுகிறார் மாப்பிள்ளை, கீழே நம் கையெழுத்து. அந்தத் தம்பதியைப் பிறகு நாம் சந்திப்பது குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதுதான். இனிமேல் இங்கே திருமணப் பதிவுக்கு வருகின்ற ஒவ்வொரு மணமகளுக்கும், குங்குமச் சிமிழோடு, 15999 என்ற எண்ணும் நம் மாதர் பிரிவுப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறாரே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கார் வாங்கிக் கோயிலுக்குப் பூஜை போடக் கொண்டு வருகிறோம், அதன் உள்ளே இன்ஷூரன்ஸ் பத்திரமும் இருக்கிறது. ஒருவரும் அதை அபசகுனம் என்பதில்லை.

ஞாயிறு தேவார வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம். பையன்கள் பாடுவார்கள், பெண் பிள்ளைகள் பாடி முடித்து மண்டபம் கூட்டிக் கோலம் போடுவார்கள். இந்த ஆண்டு முதல் கூட்டுகின்ற வேலையையும் பாத்திரம் கழுவுகின்ற வேலையையும் முறை வைத்துப் பையன்களுக்கும் கொடுத்திருக்கிறோம். இரண்டு தாய்மார்கள் வந்து, "என் மகனைத் துடைப்பம் தூக்க வைக்கிறீர்களா சார்?" என்று சண்டை போட்டார்கள். பையன்கள் யாரும் சண்டை போடவில்லை. அவர்களுக்கு விளக்குமாற்றோடு வாள் சண்டை போட வாய்ப்புக் கிடைத்த மகிழ்ச்சி.

இனி, காரியத்துக்கு வருகிறேன். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டு வர இருக்கிறேன். ஆலயத்துக்கு அடைக்கலம் தேடி வரும் எவரையும் நிர்வாகத்தார் சமாதானம் பேசித் திருப்பி அனுப்புவதில்லை. அத்தகையவர் வந்தால் மாதர் பிரிவைச் சேர்ந்த இருவர் மட்டுமே அவரிடம் பேசுவார்கள். செயற்குழுவில் குறைந்தது மூன்று பெண்கள் இருக்க வேண்டும், தேநீர் கலக்குவதற்காக அல்ல, வாக்களிப்பதற்காக. அன்னதான நிதியை ஒட்டி ஒரு சிறு நிதி ஏற்படுத்த வேண்டும். டாக்ஸிக் கட்டணம், பிள்ளைக்குப் பால் மாவு, காணாமற்போன அடையாளக் கார்டுக்குக் கட்ட வேண்டிய பணம், ஓர் இரவுச் சாப்பாடு ஆகியவற்றுக்குத்தான் அது. வரவு செலவு ஆண்டறிக்கையில் வரும், பெறுபவர் பெயர் எங்கும் வராது. உபயதாரர்கள் இதற்கும் மனம் வைக்க வேண்டும். இந்த உபயத்துக்குப் பலகையில் பெயர் பொறிக்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தீர்மானத்துக்கு எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். வரட்டும், பொதுக்கூட்டம் அதற்குத்தானே. எதிர்ப்பவர்கள் வெளியில் தேநீர்க் கடையில் பேசாமல், எழுந்து நின்று, தங்கள் மனைவியரும் மகள்களும் கேட்கும்படி பேசினால் போதும்.

அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். மலாயில் எழுதத் தெரிந்தவர்கள், இரவில் கார் ஓட்டக் கூடியவர்கள், வீட்டில் ஓர் அறை ஒதுக்கக் கூடியவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். காலையில் ஒன்பது பெயர் இருந்தது. அத்தனையும் பெண்கள் பெயர். பேனாவும் அங்கேயே நூலில் கட்டி வைத்திருக்கிறது.